மாமல்லபுரம் லைட் ஹவுஸில் முதல்முறை ஏறப்போகிறீர்களா?

மாமல்லபுரத்துக்குப் பலமுறை போய்வந்தவர்கள்கூட லைட் ஹவுஸில் ஏறியிருக்க மாட்டார்கள். கேட்டால், "அன்னைக்கு மூடியிருந்தது", "வெயில் தாங்கல", "பசங்க பசிக்குதுன்னு சொன்னாங்க" என்பார்கள். மூன்றுமே நியாயமான காரணங்கள். மூன்றையும் நானே அனுபவித்திருக்கிறேன். இரண்டு தடவை கீழேயே திரும்பியபிறகு மூன்றாவது தடவைதான் மேலே போனேன். அந்தத் தப்புகளை நீங்கள் செய்யவேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பூங்காவில் கட்டிவைத்த பார்வைக் கோபுரம் மாதிரி இல்லை இது. மத்திய அரசின் கலங்கரை விளக்கத் துறை நடத்தும், ராத்திரி ஆனால் கப்பல்களுக்கு வெளிச்சம் காட்டும், வேலையில் இருக்கும் விளக்கு. பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பல வருஷம் பொதுமக்களை விடாமல் வைத்திருந்து, 2011-ல்தான் மறுபடி திறந்தார்கள். நாம் போவது ஒருவருடைய வேலையிடத்துக்கு. நேரக் கட்டுப்பாடு, இடைவேளை, திடீரென்று "இன்னைக்கு விடமாட்டோம்" என்பது எல்லாம் அதனால்தான். இது மனதில் இருந்தால் வாசலில் கோபம் வராது.

எப்போது போவது

என் கட்சி மாலை. பிற்பகல் மூன்று மணிக்கு மேல்.

காரணம் எளிது. நம்முடைய கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் மேலே போனால் சூரியன் கடல் பக்கத்திலிருந்து நேராக முகத்தில் அடிக்கும். தண்ணீர் முழுக்க வெள்ளித்தகடு மாதிரி கூசும், கடற்கரைக் கோயில் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். பிற்பகலில் சூரியன் முதுகுப்பக்கம் போய்விடும். அப்போதுதான் கடலுக்கு நீலமும் பச்சையும் வரும், கோயிலின் இந்தப் பக்கத்துக் கல்லில் மஞ்சள் வெயில் விழும். போட்டோ எடுக்கிறவர்களுக்கு மட்டுமான யோசனை என்று நினைக்காதீர்கள், வெறும் கண்ணால் பார்ப்பதற்கும் இதுதான் சரி.

இன்னொரு லாபமும் உண்டு. வெயில் காலத்தில் மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வரத் தொடங்கிவிடும். கீழே பாறை தோசைக்கல்லாகக் கொதித்துக்கொண்டிருக்கும்போது மேலே பால்கனியில் சேலைத் தலைப்பு நிற்காது.

ஆனால் ரொம்பத் தாமதிக்கவும் கூடாது. காலையில் ஒரு வேளை திறப்பு, நடுவில் மதியச் சாப்பாட்டு இடைவேளை, பிறகு மாலையில் ஒரு வேளை. சூரியன் மறைவதற்கு முன்பே ஆட்களை இறக்கிவிடுவார்கள், விளக்கு ஏற்றவேண்டுமே. நான் முதல் தடவை கோட்டைவிட்டது இங்கேதான். சரியாக இடைவேளை தொடங்கும் நேரத்தில் போய் நின்றேன். சுற்றிலும் நிழல் இல்லாத கருங்கல். கால்மணி நேரம் தாங்கினேன், அப்புறம் குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். ஊருக்குள் நுழைந்ததும் ஒருமுறை வாசல் பலகையில் அன்றைய நேரத்தைப் பார்த்துவிட்டு மற்ற இடங்களுக்குப் போவது புத்திசாலித்தனம்.

மாதம் என்று பார்த்தால் தை, மாசி அருமை. வானம் தெளிவாக இருக்கும், வெயில் கடிக்காது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மழையும் பலமான காற்றும் இருந்தால் மேலே விடாமல் இருப்பதே நல்லது, கெஞ்சிப் பிரயோஜனமில்லை. கத்திரி வெயிலில் போகத்தான் வேண்டுமென்றால் மாலைத் திறப்பின் கடைசி மணி நேரத்தைப் பிடியுங்கள். ஞாயிறும் பொங்கல் விடுமுறை நாட்களும் வேண்டவே வேண்டாம். படிக்கட்டில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் முட்டிக்கொண்டு நிற்பார்கள், மேலே பால்கனியில் நகர இடமிருக்காது.

ஊருக்குள் வந்து சேர்வது

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஐம்பத்தைந்து, அறுபது கிலோமீட்டர். பஸ் என்றால் அடையார், திருவான்மியூர் பக்கம் மாமல்லபுரம் போகும் பஸ்ஸைப் பிடிக்கலாம். ரயிலில் வருகிறவர்கள் செங்கல்பட்டில் இறங்கி அங்கிருந்து பஸ் ஏறவேண்டும். பஸ் நிலையத்திலிருந்து லைட் ஹவுஸுக்கு நடந்தே போய்விடலாம், ஆட்டோ தேவையில்லை. தலையைத் தூக்கினால் எங்கிருந்தும் தெரிகிற ஒரே பொருள் அதுதானே, வழி தவறவும் முடியாது.

என் யோசனை, அதை அன்றைய கடைசி இடமாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ஜுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை எல்லாம் நடந்து பார்த்துவிடுங்கள். மாலையில் மேலே போனால், வெயிலில் அலைந்து தனித்தனியாகப் பார்த்த அத்தனையும் ஒரே பாறைத்தொடரின் முன்னும் பின்னும் இருப்பது புரியும். தலைகீழாகச் செய்தால் மேலிருந்து பார்க்கும்போது எது என்ன என்றே தெரியாது. "அந்தக் கோபுரம் என்ன? இந்தக் கல் என்ன?" என்று கேட்டுக்கொண்டே நேரம் போய்விடும்.

பையில் என்ன வேண்டும்

குறைவாக. ஒரு தண்ணீர் பாட்டில், சில்லறைப் பணம், கழுத்தில் மாட்டும் கயிறுள்ள கைப்பேசி உறை. தொப்பி வேண்டாம், காற்று கொண்டுபோய்விடும். பெரிய தோள்பை இருந்தால் கூட வந்த ஒருவரைக் கீழே உட்காரவைத்து அவரிடம் கொடுத்துவிடுங்கள், வளைந்து ஏறும் படியில் பை சுவரில் தட்டிக்கொண்டே வரும். காலில் பிடிமானமுள்ள செருப்போ ஷூவோ போடுங்கள். குதிகால் உயர்ந்த செருப்போடு வந்தவர்கள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். பாவாடை, சேலை என்றால் கடைசி ஏணியில் சொருகிக்கொள்ள வேண்டியிருக்கும். சுடிதார் சௌகரியம்.

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டும் ஏறாதீர்கள். கீழே மாங்காய் கீறி உப்புமிளகாய் தூவி விற்கும் ஒரு அம்மா எனக்குச் சொன்னது: "ஏம்மா, போய்ட்டு வந்து சாப்புடு. தின்னுட்டு ஏறினா பாதி வழியில மூச்சு முட்டும். நான் எங்க போயிடப் போறேன்?" வியாபாரத்தைத் தள்ளிப்போட்டுச் சொன்ன வார்த்தை என்பதால் கேட்டுக்கொண்டேன்.

வாசலிலிருந்து பாறை மேல்

டிக்கெட் சிறிய தொகைதான். கேமராவுக்குத் தனிச் சீட்டு கேட்டால் வாங்கிக்கொள்ளுங்கள். இந்திய அரசின் தொல்லியல் துறை கடற்கரைக் கோயிலுக்குக் கொடுத்த டிக்கெட்டை இங்கே நீட்டிப் பயனில்லை, இது வேறு துறை. பக்கத்திலேயே பழைய விளக்குக் கருவிகளை வைத்த அருங்காட்சியகம் இருக்கிறது. மேலே கூட்டமென்றால் முதலில் அதற்குள் போய்விட்டு வரலாம். அந்தக் கண்ணாடி வில்லைகளைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு ஏறினால் மேலே இருப்பது என்ன என்று புரியும்.

கோபுரத்துக்குப் போகும் முன் பக்கத்துப் பாறைமேல் நிற்கும் மொட்டைக் கோயிலைக் கவனியுங்கள். ஒலக்கணேஸ்வரர் கோயில், எட்டாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. மேல் விமானம் இப்போது இல்லை. அதற்கு நேர் கீழே பாறையைக் குடைந்து செய்த மகிஷாசுரமர்த்தினி மண்டபம். ஒரு சுவரில் சிங்கத்தின்மேல் ஏறி எருமைத்தலையனை விரட்டும் துர்க்கை, எதிர்ச் சுவரில் பாம்பணையில் படுத்திருக்கும் பெருமாள். அவசரத்தில் இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். பத்து நிமிஷம் நின்று பாருங்கள், ஓடுகிறவளும் உறங்குகிறவரும் எதிரெதிரே.

இந்த மொட்டைக் கோயிலுக்குப் "பழைய லைட் ஹவுஸ்" என்றும் ஒரு பெயர். வெள்ளைக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இதன் மொட்டைமாடியில்தான் விளக்கை வைத்திருந்தார்கள். பிறகு பக்கத்தில் கருங்கல்லால் வட்டமாக இப்போதைய கோபுரத்தைக் கட்டி, 1904-ல் விளக்கை அங்கே மாற்றினார்கள்.

கலங்கரை என்றால் கலம் இருக்கும் கரை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். தப்பு. காகம் கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல். கலத்தைக் கூப்பிடும் விளக்கு. பெரும்பாணாற்றுப்படை நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்தைப் பாடும்போது, ஏணி சாத்திய, ஏறுவதற்கு அரிய உச்சியுள்ள, கூரை வேயாத மாடத்தில் ராத்திரி எரியும் தீ கடலில் ஓடும் கலங்களைக் கூப்பிடுகிறது என்று சொல்கிறது. அந்தத் துறைமுகம் மாமல்லபுரம்தான் என்று சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள். எது எப்படியோ, ஏறுவதற்கு அரியது என்ற பகுதி இன்றைக்கும் பொருந்துகிறது. பாதிப் படியில் மூச்சு வாங்கும்போது உங்களுக்கே தெரியும்.

படிக்கட்டு

உள்ளே நுழைந்ததும் சட்டென்று குளிரும், கருங்கல் சுவர் அவ்வளவு தடிமன். படி சுவரை ஒட்டி வளைந்து வளைந்து போகும். ஓடாதீர்கள். சுவர்ப்பக்கம் படி அகலமாக இருக்கும், நடுப்பக்கம் குறுகும், அதனால் சுவர்ப்பக்கமாகவே காலை வையுங்கள். சன்னல் வரும் இடங்களில் ஒரு நிமிஷம் நின்று மூச்சு விட்டுக்கொள்ளலாம். எதிரே யாராவது இறங்கினால் இறங்குகிறவருக்கு வழிவிட்டு நிற்பது நல்ல பழக்கம், அவர்களுக்குத்தான் கால் வழுக்கும்.

என் அம்மாவுக்கு முழங்கால் வலி. பாதி வரை வந்து, சன்னல் அருகே உட்கார்ந்து, "நீங்க போய்ட்டு வாங்க, எனக்கு இங்கயே காத்து வருது" என்று சொல்லிவிட்டார். அவரைக் கட்டாயப்படுத்தாததில் எனக்கு இன்றைக்கும் திருப்தி. ஏனென்றால் கடைசிப் பகுதி வேறு ரகம். படி முடிந்ததும் செங்குத்தான ஏணி, அதன்பின் குனிந்து நுழையவேண்டிய சின்ன வாசல். கைக்குழந்தையோடு வந்தவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் செய்தவர்கள் அதற்குக் கீழேயே நின்றுவிடுவது நல்லது. அவர்களுக்கு மெரினாவில் இருக்கும் சென்னைக் கலங்கரை விளக்கத்தைக் காட்டுங்கள். 1977-ல் திறந்த அந்த சிவப்பு வெள்ளைப் பட்டைக் கோபுரத்தில் லிஃப்ட் இருக்கிறது.

விளக்கு அறைப்பக்கம் கண்ணாடியைத் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்டால் வெளிச்சம் மங்கும், துடைக்கிற வேலை அவர்களுக்கு. பகலில் வில்லையைச் சுற்றித் திரை போட்டு வைக்கும் வழக்கம் பல விளக்குகளில் உண்டு. என் அண்ணன் பையன், "திரை எதுக்கு அத்தை, தூங்குதா?" என்று கேட்டான். கிட்டத்தட்ட அப்படித்தான். உள்ளே இருக்கும் சின்ன விளக்கின் ஒளியைத் திரட்டி வெளியே அனுப்புகிற அதே வில்லை, வெளியே இருக்கும் சூரியனின் ஒளியைத் திரட்டி உள்ளேயும் குவிக்கும். பூதக்கண்ணாடியால் காகிதத்தை எரிப்போமே, அந்த ஆபத்துதான்.

மேலே என்ன பார்ப்பது

வாசலை விட்டு வெளியே வந்ததும் எல்லாரும் செய்வது ஒன்றே: கைப்பேசியை எடுத்து, பல்லைக் காட்டி, மூன்று நிமிஷத்தில் இறங்கிவிடுவார்கள். நீங்கள் முதலில் முதுகைச் சுவரில் சாய்த்து நில்லுங்கள். உயரம் பயம் உள்ளவர்கள் நேர் கீழே பார்க்காமல் தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள், ஒரு நிமிஷத்தில் கால் நடுக்கம் குறையும். அப்புறம் கோயில் பிரகாரம் மாதிரி வலமாக ஒரு சுற்று.

கிழக்கே, கொஞ்சம் வடக்காக, கடற்கரைக் கோயில். கீழே நிற்கும்போது பெரிதாகத் தெரிந்தது, இங்கிருந்து யாரோ மணலில் மறந்துவிட்டுப்போன பொம்மை மாதிரி இருக்கும். அதன் பக்கத்தில் கரையேற்றி வைத்த ஃபைபர் படகுகளின் வரிசை. வெளியே போயிருக்கும் படகுகளை எண்ணிப்பாருங்கள், பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு.

பிள்ளைகள் பள்ளியில் வர்க்கமூலம் படித்திருந்தால் இன்னொரு விளையாட்டும் உண்டு. கடல்மட்டத்திலிருந்து நம் கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வரும். மணலில் நிற்கும் ஆளுக்கு நாலரைக் கிலோமீட்டர்தான். 36 மீட்டர் உயரத்தில் நிற்கிறவருக்கு இருபத்தொன்று. பாறைமேல் ஏற்றி, அதற்குமேல் கோபுரம் கட்டியது காற்று வாங்க அல்ல என்று அப்போது பையனுக்கே புரிந்தது. விளக்கு உயர உயர, இன்னும் தூரத்துக் கப்பலுக்கும் அது கண்ணில் படும்.

தெற்கே மரங்களுக்கு நடுவில் தேடினால் ஐந்து ரதம். இன்னும் தள்ளி, கரையோரம், கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கும் திசை. அந்தப் பக்கம் படமெடுப்பதைப் பற்றி ஊழியர் ஏதாவது சொன்னால் அப்படியே கேளுங்கள், வாக்குவாதம் வேண்டாம். ட்ரோன் பற்றி நினைக்கவே வேண்டாம்.

மேற்கே யாரும் பார்ப்பதில்லை. எனக்குப் பிடித்தது அதுதான். பக்கிங்காம் கால்வாய், அதையொட்டிய தண்ணீர்த் தேக்கங்கள், பனைமரம், மாலை வெயிலில் மினுங்கும் சேற்றுத் தரை. ஒரு பக்கம் உப்புத்தண்ணீர், மறுபக்கம் கால்வாய்த் தண்ணீர், நடுவில் இந்தப் பாறைமுதுகும் ஊரும். பல்லவர் இங்கே ஏன் இவ்வளவு கல்வேலை செய்தார்கள் என்று கேட்பவர்களுக்கு மேற்கையும் வடக்கையும் சேர்த்துக் காட்டுவேன். செதுக்குவதற்குக் கல் இங்கேயே விளைந்து கிடக்கிறது.

வடக்கே கூரைகளுக்கு மேல் வெண்ணெய் உருண்டை இருக்கும் பாறைமேடு. காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால் சிற்பக்கூடங்களின் உளிச் சத்தம் இவ்வளவு உயரத்துக்கும் எட்டும். டக், டக், டக். நின்று கேளுங்கள்.

படம் எடுக்கிறவர்களுக்கு ஒரே குறிப்பு. கையைக் கம்பிக்கு வெளியே நீட்டாதீர்கள். என் முன்னாலேயே ஒருவர் செல்ஃபி எடுக்கப் போய்க் கைப்பேசியைக் கீழே பாறையில் விட்டார். அதன் பிறகு அவர் கடலைப் பார்க்கவே இல்லை.

இறங்கியபின் உடனே கிளம்பாதீர்கள்

இறங்கும்போது ஏணியில் முகத்தை ஏணிப்பக்கம் வைத்து, பின்னோக்கி இறங்குங்கள். படிக்கட்டில் வெளிச்சம் குறைவு, கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கையைச் சுவரில் வையுங்கள். கீழே வந்ததும் கால் கொஞ்சம் நடுங்கும். அதற்குத்தான் மாங்காய்க்கார அம்மா.

பிறகு கடற்கரைக்குப் போய் உட்காருங்கள். கோபுரத்துக்குள் நம்மை விடும் நேரத்தில் விளக்கு எரியாது. எரியும்போது நம்மை விடமாட்டார்கள். ஆகவே இருட்டும்வரை மணலில் காத்திருந்தால்தான் வந்த காரியம் முடியும். ஒவ்வொரு கலங்கரை விளக்குக்கும் ஒரு தாளம் உண்டு. எத்தனை வினாடிக்கு ஒருமுறை, எத்தனை மின்னல் என்பதை வைத்துத்தான் மாலுமி இது எந்த ஊர் என்று அடையாளம் காண்கிறார். பகலில் கோபுரத்தின் நிறம்தான் அடையாளம். மெரினாவுக்குச் சிவப்பு வெள்ளைப் பட்டை, இங்கே கருங்கல்லின் சாம்பல்.

இந்த யோசனைகளை வேறு ஊருக்குக் கொண்டுபோனால் ஒன்றை மாற்றிக்கொள்ளுங்கள். குமரி மாவட்டத்து முட்டம் மாதிரி மேற்குப் பார்த்த கடலில் மாலைச் சூரியன் நேரே கடலுக்குள் இறங்கும். அங்கே அந்திக்காகவே போகவேண்டும், கடல் நிறம் பார்க்கக் காலை நல்லது.

நாங்கள் மூன்று பேரும் மணலில் உட்கார்ந்தோம். முதல் வீச்சு எப்போது வந்தது என்று தெரியவில்லை, பேசிக்கொண்டிருந்தோம். அம்மாதான் முதலில் பார்த்தார். பையன் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணத் தொடங்கினான், அடுத்த மின்னலில் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினான். நான்கு தடவையும் ஒரே எண் வந்ததும்தான் பஸ்ஸுக்கு எழுந்தான்.